சத்து ஊசி

பயிற்சி முடித்து வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளுக்காக உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பாம்புக்கடி, இரட்டைப் பிரசவம், வெள்ளத்தில் படகேறிப் போய் வைத்தியம் பார்த்தது என்றெல்லாம் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஊசி எப்படிப் போடுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே போடுவீர்கள். ஊசி போடும்போது வாயால் என்ன சொல்லிப் போடுகிறோம் என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலமெல்லாம் மருந்தோடு இருந்தவளிடம் கற்கண்டு கேட்கக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்குத் தெற்கே பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பலகைக் கட்டடம், சில கட்டில்கள், ஒரு மருந்தறை. டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். தோட்டத்து ஆட்கள் அவரை டிரெஸ்ஸர் ஐயா என்பார்கள், என்னை மிஸ்ஸி என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் இருவருக்குமே அங்கே தேவைப்படவில்லை.

டிரெஸ்ஸர் கெட்டிக்காரர். அதை மறைத்து எழுதினால் என் கை புழுத்துப்போகும். ரப்பர் மரப்பட்டையைக் கீறும் கத்தி தொடையில் இறங்கிய ஒருவனை, தாப்பா டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை லோரிக்குள் மண்டியிட்டு, காயத்தில் வைத்த கையை எடுக்காமலே கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார். பதறாமல் இருப்பது எப்படி என்று அவரிடம்தான் கற்றேன். சத்து ஊசியையும் அவரிடம்தான் கற்றேன்.

விஷயம் இதுதான். ஈப்போவுக்கோ வேறு ஊருக்கோ போய் மேகநோய், அதாவது சிபிலிஸ், வாங்கிக்கொண்டு வரும் ஆண்கள், முன்வாசலில் கூட்டம் குறைந்த பிறகு பின்வாசல் வழியாக வருவார்கள். டிரெஸ்ஸர் திட்டிக்கொண்டே ஊசி போடுவார். பாலைப் போல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் மருந்து அது. இடுப்புக்குக் கீழே குத்தினால் அந்தப் பக்கத்துக் காலே இழுத்துக்கொள்ளும். வாரம் ஒன்றாகச் சில வாரம் போட வேண்டும். புருஷனுக்கு வந்தால் பெண்டாட்டிக்கும் வந்திருக்கும், அவளுக்கும் போட்டாக வேண்டும். அவளிடம் என்ன சொல்வது? அதற்கு டிரெஸ்ஸரிடம் ஒரு வழக்கம் இருந்தது. "ரத்தம் கம்மியா இருக்கும்மா. சத்து ஊசி போடணும், வாராவாரம் வந்துடு."

ஏன் ஐயா அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன்.

"குடும்பம் ஒடையக் கூடாது மிஸ்ஸி. நாம வைத்தியம் பாக்க வந்தவங்க. வழக்குத் தீர்க்க வந்தவங்க இல்ல."

அந்த வயதில் அது எனக்குப் பெரிய ஞானமாகத் தெரிந்தது. நானும் அதையே சொல்லிப் போட்டேன். எத்தனை பெண்கள் என் எதிரில் சேலையைத் தளர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருப்பார்கள். ஒருத்திகூட எனக்கு என்ன நோய் என்று கேட்டதில்லை. படிக்காதவர்கள், ஏமாளிகள் என்று நினைத்துக்கொண்டேன். ஏமாளி யார் என்று பிறகு தெரிந்தது.

இந்த வேலையில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த நோயோடு வரும் ஆண் முதலில் கேட்பது, "யாருக்கும் தெரியாதுல்ல?" தெரிந்தே வரும் பெண் முதலில் கேட்பது, "அவருக்கு வந்திருக்குமா?" ஈப்போவில் ஒரு கருத்தரங்கில் படித்தவர் ஒருவர், ஆண் உடம்புக்காகத் தவறுகிறான், பெண் மனதுக்காகத் தவறுகிறாள் என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடம்பைத் தேடிப் போன பெண்களையும் பார்த்திருக்கிறேன், ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்குமா என்று போன ஆண்களையும் பார்த்திருக்கிறேன். போகிற வழியில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி ஆணுக்குத் திறந்திருக்கும், பெண்ணுக்கு அடைத்துவிடுவார்கள். அந்தப் படித்தவர் அதைப் பேசவே இல்லை.

சரோஜாவின் கதைக்கு வருகிறேன்.

சரோஜா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். புருஷன் மாரிமுத்து தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகள், கடைசி பெண் குழந்தை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் குடியிருந்தார்கள். நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மாரிமுத்து பின்வாசலில் வந்து நின்றான். அவனுக்கு ஊசி போட்டோம். அந்த வாரமே சரோஜாவை வரவழைத்து, ரத்தம் கம்மி என்று சொல்லி அவளுக்கும் போட்டோம். அவள் வாராவாரம் தவறாமல் வந்தாள், போட்டுக்கொண்டாள், நொண்டிக்கொண்டே போனாள். மறுநாள் விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வாளியோடு வந்து நின்றாள்.

சில வருடங்கள் போயின. லோரி வேலை போய்விட்டது. மாரிமுத்து கடலோரம் லூமுட்டில் கட்டட வேலைக்குக் கொந்தராக்கில், ஒப்பந்தக் கூலியாகப் போனான். மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்து போவான். அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் சரோஜா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முன்வாசல் வழியாகவே வந்தாள். டிரெஸ்ஸர் சாப்பிடப் போயிருந்தார்.

"மிஸ்ஸி, எனக்கு அது வந்திருக்கு."

"எதும்மா?"

"சத்து ஊசி போடுவீங்கள்ல. அந்தச் சீக்கு."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "உனக்குத் தெரியுமா?"

"லயத்துல எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே வாரத்துலயா ரத்தம் கம்மியாவும்? அவரும் நொண்டுறாரு, நானும் நொண்டுறேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா தெரிஞ்சிடும்ல. தெரிஞ்சப்புறம் எப்படி மிஸ்ஸி சும்மா இருக்கிறது? சண்டை போடணும், அண்ணன் வீட்டுக்குப் போவணும். மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போறது? அதான் நீங்க சொன்னத நம்புற மாதிரி இருந்துட்டேன்."

நாங்கள் அவளுக்காகப் பொய் சொன்னதாக நினைத்திருந்தோம். அவள்தான் எங்கள் பொய்யைச் சுமந்திருக்கிறாள்.

இந்தத் தடவை யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அவள் தலையைக் குனியவில்லை. அவளுக்கு அடுத்த நிரையில், அதாவது பக்கத்து மர வரிசையில், மரம் வெட்டுகிறவன் என்றாள். "பால் எடுத்து முடிச்சி உக்காந்திருக்கப்ப, சாப்டியான்னு கேட்டாரு. எனக்குக் கல்யாணமாயி இத்தன வருஷத்துல அத என்கிட்ட யாரும் கேட்டதில்ல மிஸ்ஸி. அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல. விட்டுட்டேன். அந்த ஆளோட பேச்சே இல்ல இப்ப. ஆனா போன மாசக் கடைசில இவரு வந்துட்டுப் போயிட்டாரு. இவருக்கும் வந்திருக்கும்."

"ம்."

"எனக்குச் செஞ்ச மாதிரி அவருக்கும் செஞ்சிடுங்க. வேற ஏதாவது சொல்லிப் போட்டுடுங்க. என் வீடு மட்டும் ஒடையாம பாத்துக்குங்க மிஸ்ஸி. புள்ளைங்கள விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

அவள் கேட்டது அதிகம் இல்லை. நாங்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான், இந்தத் தடவை ஆள் மாறியிருந்தது, அவ்வளவுதான். டிரெஸ்ஸர் வந்ததும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே மாட்டேன் என்றார்.

"அவன் உடம்புல என்ன ஏறுதுன்னு தெரிஞ்சிக்க அவனுக்கு உரிமை இருக்கு மிஸ்ஸி. ஒரு மனுசன முட்டாளாக்கி ஊசி போடக் கூடாது."

"அவளுக்கு அந்த உரிமை இல்லையா ஐயா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது குடும்பத்தக் காப்பாத்த."

"இதுவும் அதுக்குத்தானே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் என்றால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல மனிதர், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. சுவரோடு பேசினதுபோல் ஆயிற்று. கடைசியில், "நான் சொல்லவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். நீங்க என்னமோ பண்ணுங்க" என்று கைகழுவிவிட்டார்.

நான் பண்ணினேன். மாதக் கடைசியில் மாரிமுத்து வந்ததும் அவனை அனுப்பும்படி சரோஜாவிடம் சொன்னேன். கட்டட வேலையில் துரு ஆணி குத்துமல்லவா, அதற்குத் தடுப்பூசி என்று சொல்லச் சொன்னேன். அவனும் சந்தேகமில்லாமல் வந்தான். லூமுட் மீன் எப்படி ருசிக்கும் என்று பேசிக்கொண்டே திரும்பி நின்றான். நான் புட்டியிலிருந்து ஊசிக்குழலுக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். வெள்ளை மருந்து.

"மிஸ்ஸி, இது அந்த ஊசிதானே? லோரி ஓட்டுறப்ப போட்டீங்களே."

"இது வேற மருந்து."

"எனக்குத் தெரியாதா லா. அதே பாட்டலு." புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "நான் இந்தத் தடவை எங்கயும் போகலயே" என்றான்.

சொல்லி முடித்த அடுத்த நொடி அவனுக்கு விளங்கிவிட்டது. காற்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு ஊசி போடாமலே கிளம்பினான். பின்னாலேயே ஓடினேன். வாசலில் வழிமறித்து நின்று, "நீ செஞ்சப்ப அவ வாயத் திறக்கல மாரிமுத்து. எல்லாம் தெரிஞ்சுதான் உன்னோட இருந்தா" என்றேன். அவன் என்னைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு போனான். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பொய் யாரைக் காப்பாற்றுமோ அவர்களை மட்டும்தான் காப்பாற்றும். ஆணுக்காகச் சொன்ன பொய்யை ஊரே முட்டுக்கொடுத்து நிறுத்தியது. பெண்ணுக்காகச் சொன்ன பொய்க்கு என்னையும் அவளையும் தவிர யாரும் இல்லை. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. தோட்டத்தில் குடும்ப வழக்கென்றால் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போக மாட்டார்கள். கோயில் தலைவர் சொல்வதுதான் தீர்ப்பு. பெண்கள் ஓரத்தில் நிற்கலாம், பேசக் கூடாது. மாரிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். அழுதான், பொய்யழுகை இல்லை. அவனுக்கு நிஜமாகவே வலித்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அதே வலி சரோஜாவுக்கு வந்தபோது அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தாதியின் முதல் பாடம் நோயாளியின் ரகசியத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது. அது எனக்குத் தெரியும். வேலை போகலாம் என்பதும் தெரியும். ஒரு பெண்ணின் பிள்ளைகள் அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பாடத்தை எங்கே வைப்பது? நான் ஓரத்திலிருந்து முன்னால் போனேன்.

"தலைவரே, இதே ஊசிய இவருக்கு முந்தியே போட்டிருக்கோம். இவருதான் மொதல்ல கொண்டாந்தாரு. இந்தப் பொண்ணுக்கும் அப்பவே குடுத்தாரு. அவ மன்னிச்சிட்டா. அதையும் சேத்துப் பேசுங்க."

கூட்டம் அதிரும் என்று நினைத்தேன். மாரிமுத்து தலைகுனிவான் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருவன் செருமினான். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அது தெரிஞ்ச கதைதானே லா மிஸ்ஸி. அவன் நொண்டிக்கிட்டுப் போனத லயமே பாத்துச்சு. அதுக்கு என்ன இப்ப?"

"அதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஆம்பள சேத்தக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான்."

"மிதிச்ச சேத்த அவன் தண்ணியில கழுவல தலைவரே. அவ உடம்புலல்ல தொடச்சான்."

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பெரிய ரகசியம் ஒன்றை நானும் டிரெஸ்ஸரும் பொத்திப் பொத்தி வைத்திருந்ததாக நினைத்திருந்தேன். ஊரே அறிந்த விஷயம், யாருக்கும் அது ஒரு குற்றமாகவே படவில்லை. எடை இல்லாத கல்லைத் தூக்கி எறிய நான் என் வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன்.

தீர்ப்பு சொன்னார்கள். அடுத்த நிரைக்காரன் கோயில் விளக்குக்கு ஒரு வருடம் எண்ணெய் ஊற்ற வேண்டும். அவன் அதே தோட்டத்தில் அதே நிரையில் தொடர்ந்து மரம் வெட்டினான். மாரிமுத்துவுக்கு ஆறுதல் சொன்னார்கள். சரோஜா தோட்டத்தை விட்டுப் போக வேண்டும், பிள்ளைகள் அப்பனிடம் இருக்கும். சரோஜா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "சின்னவள மட்டும் குடுங்க. அவளுக்கு இன்னும் தல சீவத் தெரியாது" என்றாள். கெட்டுப்போனவளிடம் பெண் பிள்ளை வளரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பீடோர் பஸ் நிற்கும் இடம்வரை நான்தான் கூடப் போனேன். அவள் அண்ணன், தன் வீட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஈப்போவில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை இருக்கிறதாம். மிச்ச ஊசியை ஈப்போவில் எங்கே போய்ப் போட்டுக்கொள்வது என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. பஸ் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அவருக்கு ஊசி போட்டு முடிச்சிடுங்க மிஸ்ஸி. அவரு சும்மா இருக்க மாட்டாரு, கட்டிக்குவாரு. வாரவளுக்காச்சும் இது வேணாம்."

என்ன ஜென்மமடா இது என்று தோன்றியது. போடுகிறேன் என்று தலையை ஆட்டினேன். மாரிமுத்துவுக்கு ஆள்மேல் ஆள் விட்டேன், அவன் வரவில்லை. டிரெஸ்ஸரைப் போகச் சொன்னேன். "நொந்து போயிருக்கான் மிஸ்ஸி. இப்பப் போயி ஊசின்னு நிக்கச் சொல்றீங்களா? விடுங்க" என்றார். லோரிக்குள் மண்டியிட்டு ஒருவன் உயிரைப் பிடித்து வைத்திருந்த அதே மனிதர்தான். கோயில் முன்னால் நான் பேசியது நோயாளியின் ரகசியத்தை உடைத்த குற்றம் என்று ஆஸ்பத்திரிக்குள் பேச்சு வந்தது. பெண்களிடம் அத்தனை காலம் பொய் சொன்னது எந்தக் குற்றத்திலும் சேரவில்லை. அந்த வருடத்திலேயே நான் தோட்டத்தை விட்டு ஈப்போவில் ஒரு கிளினிக்குக்கு மாறிக்கொண்டேன்.

ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் என்று எழுதினால் அதுவும் பொய். தைப்பிங்கிலிருந்து ஒரு வாத்தியார் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வருவார். தவறியவள் அவள்தான். சொந்த ஊரில் போட்டால் மற்ற வாத்தியார்கள் பேசுவார்கள் என்று அவ்வளவு தூரம் பஸ்ஸில் கூட்டிவந்தார். ஊசி போட்டு வெளியே வந்ததும் இருவருமாக ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். என் வேலைக்காலம் முழுக்க அப்படி நான் பார்த்தது அந்த ஒரு மனிதரைத்தான். அவரைப் போல் பொறுத்துப்போன மனைவிமார்களைக் கேட்டால் எண்ணி முடிக்க முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு அந்த நோய் இருப்பதாக வந்தது. உள்ளே கூப்பிட்டேன். வயது இருபது இருக்கும், ஆறு மாத வயிறு. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். வெளியே வாங்குப் பலகையில் மாரிமுத்து உட்கார்ந்திருந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து மரியாதையாகக் கும்பிட்டான்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகிற நோய் அது. குருடாகப் பிறக்கலாம், செத்தே பிறக்கலாம். இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினேன். அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன். சத்து ஊசி, ரத்தம் கம்மி, எதுவும் இல்லை. இது என்ன நோய், எப்படி வரும், உன் புருஷனிடமிருந்துதான் வந்திருக்கிறது, ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம், அவனும் போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்று பச்சையாகச் சொன்னேன். அழுவாள், இல்லையென்றால் வெளியே போய்ச் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாகவே என்னைப் பார்த்தாள்.

"தெரியும் மிஸ்ஸி. மூத்த தாரம் குடுத்துட்டுப் போன சீக்கு. கல்யாணத்துக்கு முந்தியே அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எதையும் மறைக்கிற ஆளு இல்ல அவரு."